கோல்ஃப் மட்டையின் கைப்பிடியை வீட்டிலேயே மாற்றுதல்

குழிப்பந்தாட்டம் எனத் தமிழில் வழங்கும் கோல்ஃப் ஆட்டத்தில் பயன்படும் மட்டைக்குத் தலை, தண்டு, கைப்பிடி என மூன்று பகுதிகள் உண்டு. பந்தைத் தொடுவது தலை. ஆட்டக்காரரின் உடலைத் தொடுவது கைப்பிடி மட்டுமே. ரப்பர் அல்லது அதுபோன்ற மென்பொருளால் ஆன இந்த உறை, வியர்வை, வெயில், தோல் எண்ணெய், உராய்வு ஆகியவற்றால் நாளடைவில் இறுகி வழுக்கத் தொடங்கும். அப்போது பழைய உறையை அறுத்து நீக்கிவிட்டுப் புதியதை மாட்டுவதே கைப்பிடி மாற்றுதல் எனப்படுகிறது. மட்டையின் மற்றப் பழுதுபார்ப்புகளோடு ஒப்பிட்டால் இது எளிய வேலை. பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு படியும் ஏன் செய்யப்படுகிறது என்று தெரியாமல் செய்தால், பாதியில் சிக்கிக்கொள்ளும் கைப்பிடியும் ஆட்டத்தின் நடுவே சுழலும் கைப்பிடியும்தான் மிஞ்சும்.

வரலாறு

எஃகுத் தண்டுகள் வருவதற்கு முன் கோல்ஃப் மட்டைகளின் தண்டுகள் பெரும்பாலும் ஹிக்கரி என்னும் வட அமெரிக்க மரத்தால் ஆனவை. அவற்றின் மேல்முனையில் துணி அல்லது கம்பளிப் பட்டையைச் சுற்றி, அதன்மேல் தோல் பட்டையைச் சுருளாக இறுக்கிச் சுற்றிக் கைப்பிடி அமைத்தனர். அமெரிக்காவில் 1924-இலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலிருந்து விதிகளை வகுத்த அமைப்பால் 1929-இலும் எஃகுத் தண்டுகள் அனுமதிக்கப்பட்டன. அதன் பின்னும் தோல் கைப்பிடிகள் சில பத்தாண்டுகள் தொடர்ந்தன. இன்றும் கைப்பிடிகள் செய்துவரும் லாம்கின் நிறுவனம் 1925-இல் சிகாகோவில் தோல் கைப்பிடிகளோடுதான் தொடங்கியது.

அமெரிக்கத் தொழிலதிபர் தாமஸ் ஃபாவிக் 1949-இல் தொடங்கிய கோல்ஃப் பிரைடு நிறுவனம், வார்ப்பு ரப்பர் கைப்பிடிகளைப் பரவலாக்கியது. காலுறையை மாட்டுவதுபோல் தண்டின்மேல் இழுத்து மாட்டக்கூடிய ரப்பர் உறை வந்த பிறகே, கைப்பிடி மாற்றும் வேலை கைதேர்ந்த கைவினைஞரிடமிருந்து யாரும் செய்யக்கூடிய வேலையாக மாறியது.

எப்போது மாற்ற வேண்டும்

கைப்பிடி மெல்ல மெல்லத் தேய்வதால், தினமும் அதைப் பிடிப்பவருக்கு மாற்றம் தெரிவதில்லை. பிடி வழுக்கும்போது கை தானாகவே இறுக்கிப் பிடிக்கிறது. அந்த இறுக்கம் மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் பரவி, வீச்சின் இயல்பான ஓட்டத்தைக் கெடுக்கிறது. பந்து கோணலாகப் போவதற்குத் தம் வீச்சே காரணம் என்று எண்ணி ஆட்டக்காரர் வேறெதையோ திருத்த முயல்வார். பழைய மட்டைத் தொகுப்பை வாங்கிப் பழகத் தொடங்குவோருக்கு இது அடிக்கடி நேர்கிறது. எனவே புதிய மட்டைகளுக்குச் செலவிடுவதற்கு முன் இருக்கும் மட்டைகளின் கைப்பிடிகளைப் பார்ப்பது நல்லது.

கீழ்க்காணும் அறிகுறிகள் கைப்பிடியின் காலம் முடிந்ததைக் காட்டும்:

• மேற்பரப்பு மங்கலாக இல்லாமல் பளபளப்பாக இருத்தல்
• நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்காமல் கட்டியாக இருத்தல்
• கட்டைவிரல் படும் இடத்தில் பள்ளம் விழுதல், வரிவடிவங்கள் அழிதல்
• மெல்லிய வெடிப்புகள், உதிரும் துகள்கள்
• இறுக்கிப் பிடித்துத் திருகினால் உறை தண்டின்மேல் நகர்தல்

கடைசி அறிகுறி தென்பட்டால் அந்த மட்டையை உடனே ஒதுக்கி வைக்க வேண்டும். வீச்சின் வேகத்தில் உறை கழன்றால் மட்டை கையைவிட்டுப் பறந்து அருகிலிருப்பவரைத் தாக்கக்கூடும்.

ஆண்டுக்கு ஒருமுறை அல்லது ஏறத்தாழ 40 சுற்று ஆட்டங்களுக்கு ஒருமுறை மாற்றலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சென்னை, கொழும்பு போன்ற புழுக்கமான கடலோர நகரங்களில் ஆடுவோருக்கும், மட்டைகளை வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியிலேயே வைத்திருப்போருக்கும் இந்தக் காலம் இன்னும் குறுகும்.

மாற்றுவதற்கு முன் ஒருமுறை கழுவிப் பார்ப்பதும் நல்லது. வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவித் துணியால் துடைத்து உலரவிட வேண்டும். வியர்வையும் எண்ணெயும் படிந்ததால் மட்டுமே வழுக்கிய கைப்பிடி இதிலேயே மீண்டுவிடும். கழுவிய பின்னும் பளபளப்பு போகாவிட்டால் ரப்பரே இறுகிவிட்டது என்று பொருள்.

கைப்பிடியைத் தேர்ந்தெடுத்தல்

கைப்பிடி வாங்கும்போது பொருள், உட்துளை அளவு, வெளித்தடிமன், வடிவம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும்.

பொருள்: ரப்பர் கைப்பிடிகள் நெடுநாள் உழைப்பவை, மாட்டுவதற்கும் எளியவை. ரப்பரோடு பருத்தி நூல் இழைகள் கலந்த கைப்பிடிகள் சற்றுக் கரடுமுரடானவை; வியர்க்கும் கைகளுக்கும் மழைக்காலத்துக்கும் ஏற்றவை. பாலியூரித்தேன் கைப்பிடிகள் மென்மையானவை, விரலில் ஒட்டுவதுபோன்ற உணர்வு தருபவை. ஆனால் மாட்டும்போது முரட்டுத்தனமாக இழுத்தால் கிழியக்கூடியவை.

உட்துளை அளவு: தண்டின் மேல்முனை விட்டம் பெரும்பாலும் 0.580 அங்குலமாகவோ (14.7 மி.மீ.) 0.600 அங்குலமாகவோ (15.2 மி.மீ.) இருக்கும். கைப்பிடியின் வாய்ப்பகுதியின் உட்புறத்தில் 58 அல்லது 60 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். தண்டும் கைப்பிடியும் ஒரே எண்ணாக இருந்தால் தயாரிப்பாளர் எண்ணிய தடிமன் கிடைக்கும். 60 அளவுத் தண்டில் 58 கைப்பிடியை மாட்டினால் ரப்பர் விரிந்து சற்றுத் தடிக்கும். 58 தண்டில் 60 கைப்பிடியை மாட்டினால் சற்று மெலியும். நுனி அளவுமானியால் தண்டை அளந்த பிறகு வாங்குவதே நலம்.

வெளித்தடிமன்: ஆண்களுக்கான வழக்கமான கைப்பிடி, மேல்முனையிலிருந்து 2 அங்குலம் கீழே அளந்தால் ஏறத்தாழ 0.900 அங்குலம் (22.9 மி.மீ.) விட்டம் இருக்கும். நடுத்தர அளவு அதைவிட ஏறத்தாழ 1/16 அங்குலமும் (1.6 மி.மீ.), மிகப்பெரிய அளவு ஏறத்தாழ 1/8 அங்குலமும் (3.2 மி.மீ.) கூடுதலாக இருக்கும். கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வலக்கை ஆட்டக்காரர் இடக்கையால் மட்டையை வழக்கம்போல் பிடிக்க வேண்டும். நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகள் கட்டைவிரலின் அடிச்சதையை மெல்லத் தொட்டால் அளவு சரி. நுனிகள் சதையில் அழுந்தினால் பிடி மெலிது. தொடாமல் இடைவெளி இருந்தால் தடிமன் அதிகம்.

தடித்த பிடி மணிக்கட்டின் திருப்பத்தைக் குறைத்து வலக்கை ஆட்டக்காரரின் பந்தை வலப்பக்கம் தள்ளும், மெலிந்த பிடி இடப்பக்கம் திருப்பும் என்ற கருத்து பயிற்றுநர்களிடையே நெடுங்காலமாக உண்டு. இது எல்லோருக்கும் ஒரேபோல் பொருந்தும் விதி அன்று. கைக்கு வசதியான அளவை முதலில் தேர்ந்து, பிறகு பந்தின் போக்கைக் கவனிப்பதே ஏற்றது.

வடிவம்: சில கைப்பிடிகளின் உட்புறம் அல்லது பின்புறம் நீளவாக்கில் ஒரு மெல்லிய மேடு இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கைவைக்க இது நினைவூட்டும். மேடு இல்லாத உருளைக் கைப்பிடிகளுக்கு எண்ணுக்குப் பின் ஆர் என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்திருப்பர்.

அடிப்படைத் தத்துவம்

கைப்பிடி தண்டோடு நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ரப்பர் உறையின் இறுக்கம். மற்றொன்று, தண்டின்மேல் சுற்றப்பட்ட இருபக்க ஒட்டு டேப். உலர்ந்த டேப்பின்மேல் ரப்பர் உறையைத் தள்ளினால் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு விரற்கடை கூட நகராது. இதற்காகவே கரைப்பான் பயன்படுத்தப்படுகிறது. கரைப்பான் பசையின் மேல்பரப்பை இளக்கி வழவழப்பாக்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் உறை எளிதாக வழுக்கிச் சென்று இடத்தில் அமரும். பிறகு கரைப்பான் மெல்ல ஆவியாகும்போது பசை மீண்டும் இறுகி ரப்பரைப் பற்றிக்கொள்ளும்.

முதலில் வழுக்க வேண்டும், பிறகு ஒட்ட வேண்டும். இந்த வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்று தவறுவதால் வருபவை. கரைப்பான் போதாவிட்டால் உறை பாதியில் நின்றுவிடும். ஆவியாகாத எண்ணெய்ப்பசை கலந்திருந்தால் உறை என்றும் ஒட்டாது.

தேவையான பொருள்கள்

• புதிய கைப்பிடிகள், மட்டை ஒன்றுக்கு ஒன்று
• கைப்பிடிக்கென விற்கப்படும் இருபக்க ஒட்டு டேப்
• கரைப்பான்
• கொக்கி வடிவ முனையுள்ள வெட்டுக்கத்தி
• வைஸ், தண்டு நசுங்காமல் பிடிக்க நடுவில் பள்ளமுள்ள ரப்பர் கட்டை
• தலைமுடி உலர்த்தி
• வழியும் கரைப்பானைப் பிடிக்க ஒரு தட்டு, பழைய துணிகள்
• கையுறை, கண்ணாடிக் காப்பு
• கோல்ஃப் டீ ஒன்று, பென்சில், அளவுநாடா

கரைப்பானாகப் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் போதுமானது. கைப்பிடிக்கென்றே விற்கப்படும், எளிதில் தீப்பிடிக்காத கரைப்பான்களும் உண்டு. தண்ணீரிலேயே வழுக்கும் பசையுள்ள டேப் கிடைத்தால் கரைப்பானே தேவையில்லை. வீட்டுக்குள் வேலை செய்வோருக்கு அதுவே பாதுகாப்பானது.

கையில் கிடைத்ததைப் பயன்படுத்துவது இங்கே உதவாது. மண்ணெண்ணெய் மெதுவாக ஆவியாகி எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். உறை நாள்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். அசிட்டோனும் டொலுவீனும் கலந்த தின்னர் ரப்பரை ஊதச்செய்யும், தண்டின் பூச்சையும் எழுத்துகளையும் அரிக்கும். பெட்ரோல் வேலையை முடித்துத் தரும் என்றாலும், அதன் ஆவி ஒரு சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும் என்பதால் அதை வீட்டில் பயன்படுத்தவே கூடாது.

செய்முறை

1. அளந்து குறித்தல். பழைய கைப்பிடியை அறுக்கும் முன், அதன் கீழ்விளிம்பு தண்டில் எங்கே முடிகிறது என்பதையும் மட்டையின் மொத்த நீளத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய பிடியின் தடிமன் பிடித்திருந்தால் அதையும் அளந்து வைக்கலாம்.

2. பழைய கைப்பிடியை அறுத்தல். மட்டையை ரப்பர் கட்டையில் வைத்து வைஸில் பொருத்த வேண்டும். தண்டு திரும்பாத அளவுக்கு இறுக்கினால் போதும். கார்பன் இழையால் ஆன கிராஃபைட் தண்டை அதிகமாக இறுக்கினால் உள்ளே விரிசல் விடும். கொக்கிக் கத்தியின் முனையைக் கைப்பிடியின் கீழ்விளிம்புக்கு அடியில் கொடுத்து, உடலுக்கு எதிர்ப்புறமாக மேல்முனை நோக்கி இழுக்க வேண்டும். நேரான கத்தி தண்டைக் கீறிவிடும். எஃகில் கீறல் அழகைத்தான் கெடுக்கும். கிராஃபைட்டில் இழைகளை வெட்டித் தண்டையே பலவீனமாக்கும். அறுத்த பின் உறையை ஆரஞ்சுத் தோல்போல் உரித்தெடுக்கலாம்.

3. பழைய டேப்பை நீக்குதல். அதிக நேரம் பிடிப்பது இந்தப் படிதான். தலைமுடி உலர்த்தியால் சிறிது சூடேற்றினால் பசை இளகி, டேப் நீளமாக உரிந்து வரும். கிராஃபைட் தண்டில் ஒரே இடத்தில் சூடு காட்டக் கூடாது. தாங்கக்கூடிய இளஞ்சூடே போதும். சுரண்டுவதற்கு உலோகத் தகட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் துண்டைப் பயன்படுத்த வேண்டும். மிஞ்சிய பசையைக் கரைப்பான் தோய்ந்த துணியால் துடைத்து, தண்டை நன்றாக உலரவிட வேண்டும். பழைய பசைக்கட்டி ஒன்று விடுபட்டாலும் புதிய கைப்பிடியில் அது கரடாகத் தெரியும்.

4. புதிய டேப்பைச் சுற்றுதல். புதிய கைப்பிடியைத் தண்டின் பக்கத்தில் வைத்து அதன் கீழ்விளிம்பைப் பென்சிலால் குறிக்க வேண்டும். டேப் அந்தக் குறிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. மேலே தொடங்கினால் வெளியே தெரியாது. அகலமான டேப்பை நீளவாக்கில் ஒட்டலாம். குறுகிய டேப்பைச் சுருளாகச் சுற்றலாம். இரண்டிலும் மடிப்பும் காற்றுக்குமிழும் இருக்கக் கூடாது. தண்டின் மேல்முனைக்கு அப்பால் 1 முதல் 2 செ.மீ. டேப் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேல்தாளை உரித்த பின், நீட்டிய பகுதியைத் திருகித் தண்டின் துளைக்குள் அழுத்திவிட வேண்டும். இது கரைப்பான் தண்டுக்குள் இறங்காமல் தடுக்கும். எஃகுத் தண்டின் கூர்மையான விளிம்பு கைப்பிடியின் மூடியை உள்ளிருந்து வெட்டிவிடாமலும் காக்கும்.

5. கரைப்பானை ஊற்றுதல். டேப்புக்குக் கீழே தட்டை வைக்க வேண்டும். கைப்பிடியின் மூடியில் உள்ள சிறு துளையைக் கோல்ஃப் டீயால் அடைத்து, உள்ளே சிறிது கரைப்பானை ஊற்றி, வாயை விரலால் மூடிக் குலுக்க வேண்டும். பிறகு அதை டேப்பின் முழு நீளத்திலும் ஊற்ற வேண்டும். டேப்பின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். இந்தப் படியில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

6. மாட்டுதல். கைப்பிடியின் வாயை இரு விரல்களால் சற்று அமுக்கி நீள்வட்டமாக்கி, தண்டின் அடிவிளிம்பில் முதலில் கோத்து, பிறகு மேல்விளிம்பைத் தாண்டி ஏற்ற வேண்டும். கோத்ததும் நிற்காமல் ஒரே தள்ளாகக் கடைசிவரை தள்ள வேண்டும். இதற்குமுன் டீயை எடுத்துவிட மறக்கக் கூடாது. உள்ளிருக்கும் காற்று வெளியேற அந்தத் துளைதான் வழி. தண்டின் முனை மூடியின் உட்புறத்தில் மோதுவது கையில் தெரியும். தெரியாவிட்டால் மூடியின்மேல் உள்ளங்கையால் தட்டிப் பார்க்கலாம்.

7. நேராக்குதல். பசை இறுகுவதற்குச் சில நிமிடங்களே உண்டு. மட்டையை வைஸிலிருந்து எடுத்து, பந்தை அடிக்க நிற்கும் நிலையில் தலையைத் தரையில் வைத்து மேலிருந்து பார்க்க வேண்டும். கைப்பிடியின் குறியும் தலையின் முகமும் ஒத்துப்போகும்வரை உறையைத் திருப்பலாம். உறை நீண்டிருந்தால் கீழிருந்து மேலாகத் தள்ளிப் பென்சில் குறிக்குக் கொண்டுவர வேண்டும். இழுபட்டு நீண்ட கைப்பிடி மெலிந்துவிடும் என்பதால் எல்லா மட்டைகளிலும் இந்த நீளம் ஒன்றாக இருப்பது அவசியம்.

8. உலரவிடுதல். வழிந்த கரைப்பானைத் துடைத்துவிட்டு, ஓர் இரவு காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு மறுநாள் ஆடுவது பாதுகாப்பானது. ஆடும் முன் இரு கைகளாலும் இறுக்கித் திருகிப் பார்க்க வேண்டும்.

முதல் மட்டையில் நேரம் பிடிக்கும். அடுத்தடுத்தவை விரைவாக முடியும். ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 14 மட்டைகளே அனுமதிக்கப்படுவதால் முழுத் தொகுப்பையும் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். அதிகம் பயன்படாத ஒரு மட்டையில் தொடங்குவது புதியவர்களுக்கு நல்லது.

டேப்பால் தடிமனைக் கூட்டுதல்

கடையில் கிடைக்கும் அளவுகளுக்கு இடைப்பட்ட தடிமன் தேவைப்படுவோர், ஒட்டு டேப்புக்கு அடியில் மாஸ்கிங் டேப்பைக் கூடுதலாகச் சுற்றலாம். ஒரு சுற்று, தண்டின் இருபுறமும் தடிமனைக் கூட்டுவதால் விட்டம் டேப்பின் தடிமனைப்போல் இருமடங்கு கூடும். 0.13 மி.மீ. தடிமனுள்ள டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் 0.26 மி.மீ. விட்டம் கூடும். மூன்று சுற்றுகளில் 1/32 அங்குலத்தை (0.8 மி.மீ.) நெருங்கிவிடும். கீழ்க்கை படும் பகுதியில் மட்டும் சில சுற்றுகள் கூட்டி, கைப்பிடியின் சரிவைக் குறைப்போரும் உண்டு. அடுக்குகள் கூடக் கூட உறையைத் தள்ளுவது கடினமாகும். ரப்பரின் உணர்வும் கட்டியாகும். நான்கைந்து சுற்றுகளுக்கு மேல் தேவைப்பட்டால் அடுத்த அளவுக் கைப்பிடியை வாங்குவதே ஏற்றது.

எடையும் சமநிலையும்

வழக்கமான கைப்பிடி ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ளது. மேல்முனையில் எடை கூடினால், ஆடும்போது தலை இலேசாக இருப்பதுபோல் தோன்றும். மட்டைகளின் இந்தச் சமநிலையை எழுத்தும் எண்ணும் சேர்ந்த வீச்சுஎடை அளவால் குறிப்பர். கைப்பிடியில் 4 முதல் 5 கிராம் கூடினால் இந்த அளவு ஒரு புள்ளி குறையும். 50 கிராம் கைப்பிடிக்குப் பதில் 65 கிராம் உள்ள தடித்த கைப்பிடியை மாட்டினால் மூன்று புள்ளிகளுக்கு மேல் மாற்றம் இருக்கும். பழகிய கை இதை உணரும். எனவே வாங்கும் முன் எடையையும் பார்க்க வேண்டும். தொகுப்பு முழுவதற்கும் ஒரே வகைக் கைப்பிடியைப் பயன்படுத்த வேண்டும்.

பட்டர் மட்டையின் கைப்பிடி

பந்தைக் குழியை நோக்கி உருட்டப் பயன்படும் பட்டர் மட்டைக்கு மட்டும் உருளை அல்லாத கைப்பிடி அனுமதிக்கப்படுகிறது. பெரும்பாலானவற்றின் முன்புறம் கட்டைவிரல்கள் படிய ஏதுவாகத் தட்டையாக இருக்கும். இந்தத் தட்டைப் பகுதி மட்டைமுகத்துக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். சிறிது கோணினாலும் ஒவ்வோர் உருட்டலிலும் முகம் கோணித் திரும்பும். ஆகவே செய்முறையின் ஏழாம் படியில் அதிகக் கவனம் தேவைப்படுவது இதற்குத்தான்.

மணிக்கட்டின் அசைவைக் குறைக்கும் நோக்கில் தடித்த பட்டர் கைப்பிடிகள் பரவலாகியுள்ளன. தென்கொரிய வீரர் கே. ஜே. சோய் 2011-ஆம் ஆண்டு பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டியை இத்தகைய மிகத் தடித்த கைப்பிடியோடு வென்றது பலரின் கவனத்தை இதன்பக்கம் திருப்பியது. இவற்றின் உட்பகுதி நுரைபோன்ற இலேசான பொருளால் ஆனதால், மாட்டும்போது வாயை அதிகம் விரிக்காமல் தள்ள வேண்டும்.

வழக்கமான சிக்கல்கள்

பாதியில் சிக்குதல்: உறை நடுவழியில் நின்றுவிட்டால் மேலும் பலங்கொண்டு தள்ளக் கூடாது. உடனே பின்னோக்கி இழுத்துக் கழற்றி, மீண்டும் கரைப்பான் ஊற்றித் தொடங்க வேண்டும். கழலாவிட்டால், ஊசிமுனையை உறைக்கும் தண்டுக்கும் இடையே செலுத்தி ஊசிக்குழலால் கரைப்பானை ஏற்றினால் பசை இளகும்.

மறுநாளும் சுழலுதல்: ஆவியாகாத கரைப்பான், டேப் முழுதும் ஒட்டாமை, தண்டைவிடப் பெரிய உட்துளை ஆகியவை காரணமாகலாம். இன்னுமொரு நாள் உலரவிட்டும் சுழன்றால் கழற்றி மீண்டும் செய்வதே வழி. வெளியிலிருந்து பசை தடவி ஒட்டக் கூடாது.

மேற்பரப்பில் மேடுபள்ளம்: பழைய டேப்பின் மிச்சமோ மடிந்த புதிய டேப்போ உள்ளே இருக்கிறது. உறை வழுக்கும் நிலையில் இருக்கும்போதே கவனித்தால் கழற்றித் திருத்தலாம்.

நல்ல கைப்பிடியை மீட்டல்: தண்டு முறிந்து, கைப்பிடி புதிதாக இருந்தால், ஊசிக்குழலால் கரைப்பான் ஏற்றி அதை அறுக்காமல் கழற்ற முடியும். காற்றழுத்தக் கருவியாலும் கழற்றலாம். ஆனால் அழுத்தம் மிகுந்தால் ரப்பர் பலூன்போல் ஊதி வெடிக்கும் என்பதால் கண்காப்பு இன்றி இதைச் செய்யக் கூடாது.

ஆட்ட விதிகள்

கோல்ஃப் கருவிகளுக்கான விதிகளை ஆர் அண்ட் ஏ, அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஆகிய அமைப்புகள் வகுக்கின்றன. கைப்பிடி தண்டோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பட்டர் தவிர மற்ற மட்டைகளின் கைப்பிடி குறுக்குவெட்டில் வட்டமாக இருக்க வேண்டும். நீளம் முழுதும் ஓடும் மெல்லிய நேர் மேட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. கீழ்நோக்கிச் சரியலாம், ஆனால் நடுவில் புடைப்போ இடுக்கமோ இருக்கக் கூடாது. விரல்கள் பதியுமாறு அச்சு வார்த்த பயிற்சிக் கைப்பிடிகள் போட்டிகளுக்கு உதவா. எந்தக் கைப்பிடியும் எந்தத் திசையில் அளந்தாலும் 1.75 அங்குலத்தை (44.45 மி.மீ.) தாண்டக் கூடாது. டேப்பை இடையிடையே சுற்றிப் புடைப்பை உண்டாக்கினால், விதிக்குட்பட்ட கைப்பிடியும் விதிக்குப் புறம்பானதாகிவிடும். சுற்று நடந்துகொண்டிருக்கும்போது மட்டையின் தன்மையை வேண்டுமென்றே மாற்றுவதற்கும் தடை உண்டு.

பாதுகாப்பு

மினரல் டர்பன்டைன் தீப்பற்றக்கூடியது. அதன் ஆவி தலைச்சுற்றலை உண்டாக்கும். முற்றத்திலோ மொட்டைமாடியிலோ திறந்த வெளியில் வேலை செய்ய வேண்டும். அடுப்பு, விளக்கு, புகைப்பிடித்தல் ஆகியவை அருகில் இருக்கக் கூடாது. தலைமுடி உலர்த்தியைப் பயன்படுத்தும் மூன்றாம் படியின்போது கரைப்பான் பாத்திரம் மூடி, எட்ட வைக்கப்பட்டிருக்க வேண்டும். சூடாக்கும் வேலையை எல்லா மட்டைகளுக்கும் முதலில் முடித்துவிட்டு, உலர்த்தியை எடுத்து வைத்த பிறகே கரைப்பானைத் திறப்பது நல்ல பழக்கம். நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாமல், வெளியில் விரித்து முழுதும் உலர்ந்த பின் அப்புறப்படுத்த வேண்டும். தட்டில் வழிந்த கரைப்பானை வடிகட்டிப் புட்டியில் சேமித்து அடுத்த மட்டைக்குப் பயன்படுத்தலாம். சாக்கடையில் ஊற்றக் கூடாது. குடிநீர்ப் புட்டியில் அதை ஊற்றி வைக்கவும் கூடாது.

பராமரிப்பு

ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் ஈரத்துணியால் கைப்பிடியைத் துடைத்து, நிழலில் உலரவைத்தால் அதன் ஆயுள் நீளும். மழையில் நனைந்த மட்டைகளைப் பையிலிட்டு மூடி வைக்கக் கூடாது. கைகளில் வெயில்காப்புக் களிம்பு தடவியிருந்தால் மட்டையைத் தொடும் முன் துடைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய தேதியை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை பிடி வழுக்குவது கையின் குறையா, கைப்பிடியின் குறையா என்பதை எளிதில் தீர்மானிக்கலாம்.